மெடல் வந்துச்சு, மேடை வரல: ஒலிம்பிக் கமிட்டித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

கிர்ஸ்டி கவன்ட்ரி மேடத்துக்கும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில இருக்குற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

மேடம், 2008 ஆகஸ்ட் 16ன்னு சொன்னா உங்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. பெய்ஜிங்ல காலையில நீச்சல் ஃபைனல், 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், உலக ரெகார்டோட நீங்க கோல்டு அடிச்ச நாள். கரையேறி, தலை துவட்டி, டிராக் சூட் மாட்டி, போடியத்துல ஏறி நின்னு, கழுத்துல மெடல் விழுந்து, ஜிம்பாப்வே கொடி மேல போறத கண்ணால பாத்தீங்க. எல்லாம் அன்னிக்கே, அந்த எடத்துலயே, அந்த கூட்டத்துக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுது.

அதே நாள் ராத்திரி, உங்க நீச்சல் குளத்துக்குப் பக்கத்துலயே இருந்த பறவைக்கூடு ஸ்டேடியத்துல பொண்ணுங்க ஷாட்புட், அதாவது குண்டு எறியுற போட்டியோட ஃபைனல் நடந்துச்சு. அது யாருக்கும் பெருசா ஞாபகம் இருக்காது, ஏன்னா அன்னிக்கு அதே கிரவுண்டுலதான் உசேன் போல்ட் 100 மீட்டர 9.69 செகண்டுல ஓடினாரு, உலகத்துல இருந்த கேமரா எல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பி இருந்துச்சு. இந்தப் பக்கம் நியூசிலாந்து வேலரி, அப்ப வேலரி விலின்னு பேரு, அப்புறம்தான் பொறந்த வீட்டுப் பேரான ஆடம்ஸுக்கே திரும்பினாங்க, முதல் த்ரோவே 20.56 மீட்டர். அதுக்கப்புறம் யாராலயும் அத தொட முடியல. நியூசிலாந்துக்கு தடகளத்துல 1976ல ஜான் வாக்கர் வாங்கினதுக்கு அப்புறம் வந்த முதல் ஒலிம்பிக் கோல்டு அது, 32 வருஷம். போடியத்துல ரெண்டாவதா நின்னது பெலாரஸோட நட்டாலியா மிக்னேவிச், மூணாவது அதே பெலாரஸோட நாட்ஜியா ஓஸ்டாப்சுக். நாலாவது வந்த கியூபாவோட மிஸ்லெய்டிஸ் கொன்சாலஸும், அஞ்சாவது வந்த 19 வயசு சீனப் பொண்ணு கோங் லிஜியாவும் பையத் தூக்கிட்டு வெளிய போயிட்டாங்க.

எட்டு வருஷம் கழிச்சு, 2016 நவம்பர்ல, பழைய சாம்பிள மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாத்து பெலாரஸ்காரங்க ரெண்டு பேரும் ஊக்கமருந்து எடுத்திருக்காங்கன்னு நீங்கதான், அதாவது உங்க கமிட்டிதான், அறிவிச்சீங்க. கொன்சாலஸுக்கு சில்வர், கோங்குக்கு வெண்கலம். ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு கேக்குறேன், சொந்த ஊர் ஒலிம்பிக், ஸ்டேடியம் முழுக்க சீனக்காரங்க, பத்தொன்பது வயசு, அந்தப் பொண்ணு அன்னிக்கு அந்த போடியத்துல ஏறி இருந்தா அந்த சத்தம் எப்படி இருந்திருக்கும்? அந்த சத்தத்த எந்த கூரியர்ல மேடம் அனுப்புவீங்க?

இந்த லெட்டர் அதப் பத்திதான். வேலரி ஆடம்ஸ் கதைய வச்சு எழுதுறேன், ஏன்னா இந்த விஷயத்துல அவங்க அளவுக்கு எல்லாப் பக்கத்துலயும் அடிபட்டு, எல்லாப் பக்கத்துலயும் ஜெயிச்ச வேற ஆள் எனக்குத் தெரிஞ்சு இல்ல. நான் பெரிய ஆளு ஒண்ணும் கிடையாது, தமிழ்நாட்டுல ஸ்கூல் படிக்கும்போது குண்டு எறிஞ்சவ, மாவட்ட லெவல் தாண்டல. பி.டி. மாஸ்டர் "உடம்பு நல்லா இருக்கு, நீ குண்டு எடு"ன்னு சொல்லி கையில குடுத்த ஆயிரக்கணக்கான பொண்ணுங்கள்ல ஒருத்தி. ஓடுறவங்களப் பாக்க வருவாங்க, எங்களப் பாக்க யாரும் வரமாட்டாங்க, கிரவுண்டு ஓரத்துல தனியா நடக்கும். அதனாலயோ என்னவோ டிவில ஷாட்புட் ரெண்டு செகண்டு காட்டினாலும் உக்காந்து பாப்பேன். 2010 டெல்லி காமன்வெல்த்துக்கு வேலரி வந்தப்ப 20.47 போட்டு கோல்டு வாங்கினாங்க, நம்ம ஊர்ல எத்தன பேருக்கு அது தெரியும்னு தெரியல.

வேலரி 1984ல ரோட்டோருவாவுல பொறந்தவங்க. அம்மா லிலிகா டோங்கா தீவுக்காரங்க, அப்பா இங்கிலாந்துல கப்பல்படையில இருந்துட்டு நியூசிலாந்துல வந்து செட்டில் ஆனவர். வளர்ந்தது தெற்கு ஆக்லாந்துல மாங்கெரேங்குற ஏரியா, பசிபிக் தீவு ஜனங்க நிறைய இருக்குற எடம், வசதி கம்மி. சின்ன வயசுலயே நல்ல உயரம், கடைசியில ஆறடி நாலு அங்குலம், 193 சென்டிமீட்டர். பொண்ணுக்கு இவ்ளோ உயரமான்னு ஊரு என்ன பேசும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், எல்லா நாட்டுலயும் ஊரு ஒரே மாதிரிதான் பேசும். முன்னாடி ஈட்டி எறிஞ்ச கிர்ஸ்டன் ஹெல்லியர் 1998ல இவங்கள கையில எடுத்து கோச் பண்ண ஆரம்பிச்சாங்க. 2000ல அம்மா கேன்சர்ல போயிட்டாங்க, வேலரிக்கு அப்ப பதினஞ்சு வயசு. அடுத்த வருஷம் உலக யூத் சாம்பியன், அதுக்கடுத்த வருஷம் உலக ஜூனியர் சாம்பியன், அதே 2002ல மான்செஸ்டர் காமன்வெல்த்துல பெரியவங்களோட மோதி பதினேழு வயசுல சில்வர்.

இதுக்கப்புறம்தான் உங்க டிபார்ட்மென்ட் வருது.

2004 ஏதென்ஸ். ஷாட்புட்ட மட்டும் மெயின் ஸ்டேடியத்துல வைக்காம பழைய ஒலிம்பியாவுலயே கொண்டுபோய் வச்சாங்க, ஆதி காலத்துல பொம்பளைங்க போட்டி போடவே முடியாத அந்த மண்ணுல, முதல் தடவையா பொண்ணுங்க இறங்கி எறிஞ்சாங்க. எவ்வளவு அழகான யோசனை! அந்த மண்ணுல முதல் கோல்டு வாங்கினது ரஷ்யாவோட இரினா கோர்ஷானென்கோ, 21.06 மீட்டர், அடுத்த சில நாள்லயே ஸ்டானசோலால்ங்குற ஊக்கமருந்து போட்டிருந்தது தெரிஞ்சு மெடல் போச்சு. கோல்டு கியூபாவோட யுமிலெய்டி கும்பாவுக்கு வந்துச்சு. ஒலிம்பியாவுல ஆலிவ் கிரீடம் வச்சுக்கிட்டு முதலிடத்துல நின்ன போட்டோல மட்டும் இன்னிக்கு வரைக்கும் வேற ஆளுதான் இருக்காங்க. வேலரிக்கு அப்ப 19 வயசு, மெடல் எல்லாம் இல்ல, ஆனா தான் எந்த மாதிரி ஆட்டத்துக்குள்ள காலெடுத்து வைக்குறோம்னு அன்னிக்கே பாத்துட்டாங்க.

2005 ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப். ஓஸ்டாப்சுக் முதல், வேலரி மூணாவது. இது உங்க போட்டி இல்ல, உலக தடகள சங்கத்தோடது, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா அந்த சாம்பிளும் ஃப்ரீசர்ல உக்காந்திருந்துட்டு 2013லதான் வாயத் தொறந்துச்சு. ஓஸ்டாப்சுக் அவுட், வேலரி ரெண்டாவது. 20 வயசுல வாங்க வேண்டிய சில்வர் 28 வயசுல. அந்த ரவுண்டுலயே ஆம்பளைங்க ஷாட்புட்ல ஆண்ட்ரே மிக்னேவிச்சும் மாட்டினாரு, ஆயுள் தடை. மேல சொன்ன நட்டாலியா மிக்னேவிச்சோட வீட்டுக்காரர்தான் அவரு. குடும்பமே ஒரு மாதிரி.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன், யாராவது ஒரு தடவையாவது இத மொத்தமா சேத்துப் பாத்தீங்களான்னு தெரியல. 2004, 2008, 2012, மூணு ஒலிம்பிக், பொண்ணுங்க ஷாட்புட். போடியத்துல மொத்தம் ஒம்பது எடம். அதுல அஞ்சு எடத்துக்குக் குடுத்த மெடல் பின்னாடி பிடுங்கப்பட்டுச்சு. ஏதென்ஸ்ல ஒண்ணு, பெய்ஜிங்ல ரெண்டு, லண்டன்ல ரெண்டு. ஒம்பதுல அஞ்சு! பாதிக்கு மேல பொய். நாங்க டிவி முன்னாடி உக்காந்து கை தட்டினதுல பாதிக்கு மேல தப்பான ஆளுக்குத் தட்டி இருக்கோம், உங்க ஆளுங்க மாலை போட்ட மாதிரி மெடல் போட்டதுல பாதிக்கு மேல தப்பான கழுத்து.

அந்த பாதிக்கு நடுவுல மருந்தில்லாம நின்னுக்கிட்டு ஜெயிக்கணும்னா எப்படி இருக்கும்னு 2007 ஒசாகாவப் பாருங்க. கடைசி ரவுண்டு வரைக்கும் ஓஸ்டாப்சுக் 20.48ல முன்னாடி. ஆறாவது த்ரோ, அதுக்கப்புறம் வாய்ப்பே இல்ல, நாலு கிலோ குண்டு, ரெண்டு மீட்டர் சொச்சம் விட்டம் உள்ள அந்த வட்டத்துக்குள்ள பின்னாடி இருந்து ஒரே சறுக்கல்ல முன்னாடி வந்து, வேலரி எப்பவுமே கிளைடு டெக்னிக்தான், சுத்தி எறியுறவங்க இல்ல, 20.54. ஆறு சென்டிமீட்டர். முதல் உலக பட்டம். அப்புறம் 2009 பெர்லின் 20.44, 2011 டேகு 21.24, 2013 மாஸ்கோ 20.88, வரிசையா நாலு உலக பட்டம். டேகுல போட்ட 21.24தான் அவங்க வாழ்நாள் பெஸ்ட், 1987ல சோவியத் யூனியனோட லிசோவ்ஸ்காயா வச்ச சாம்பியன்ஷிப் ரெகார்டுக்கு சமம். அதே லிசோவ்ஸ்காயா அதே 1987ல வச்ச உலக ரெகார்டு 22.63 இன்னும் அப்படியே நிக்குது, இத்தன வருஷத்துல இவ்வளவு ஜிம், இவ்வளவு சயின்ஸ் வந்தும் ஒருத்தரும் கிட்டகூட போகல. நான் யாரையும் எதுவும் சொல்லல, நம்பர மட்டும் எழுதி வச்சேன்.

சரி, 2012 லண்டனுக்கு வர்றேன். இதத்தான் நிதானமா எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா இத உங்க பக்கத்துல எல்லாரும் ஒரு நல்ல முடிவா சொல்லிக்கிறாங்க, நியாயம் ஒரே வாரத்துல கெடச்சுது பாத்தியான்னு.

முதல்ல போட்டிக்கு முன்னாடியே ஒரு கூத்து, வேலரி பேரே ஸ்டார்ட் லிஸ்ட்ல இல்ல. நடப்பு ஒலிம்பிக் சாம்பியன் பேரு இல்ல! அவங்க நாட்டு டீம் ஆபீசருங்க சரியா என்ட்ரி போடாம விட்டுட்டாங்க, கடைசி நேரத்துல அலறி அடிச்சு சேத்தாங்க. அது உங்க தப்பு இல்ல, விடுங்க. ஆகஸ்ட் 6 ஃபைனல். ஓஸ்டாப்சுக் 21.36, வேலரி 20.70, ரஷ்யாவோட எவ்கேனியா கொலோட்கோ மூணாவது. 66 சென்டிமீட்டர் வித்தியாசம், இந்த லெவல்ல அது மலை. வேலரி சில்வர் வாங்கிக்கிட்டு, பக்கத்துல பெலாரஸ் தேசிய கீதத்துக்கு மரியாதையா நின்னாங்க.

ஓஸ்டாப்சுக்கோட ரெண்டு சாம்பிள் பாசிட்டிவ் வந்துச்சு. ஒண்ணு போட்டி நாள் அன்னிக்கு எடுத்தது. இன்னொண்ணு எப்ப எடுத்தது தெரியுமா, ஆகஸ்ட் 5, அதாவது போட்டிக்கு மொத நாள். மெட்டெனோலோன், புதுசு இல்ல, ஒளிச்சு வைக்கக்கூட தெரியாத அரதப் பழசு ஸ்டீராய்டு. மொத நாளே சாம்பிள் உங்க கையில இருக்கு, மறுநாள் அந்தம்மா வட்டத்துக்குள்ள நிக்குறாங்க, மெடலும் வாங்குறாங்க. ஆகஸ்ட் 12 நிறைவு விழா, வாணவேடிக்கை, பாட்டு. ஆகஸ்ட் 13 அறிவிப்பு. எல்லாரும் பெட்டியக் கட்டினப்புறம், டிவிக்காரன் கேமராவ மடக்கினப்புறம்! வேலரி அதுக்குள்ள ஸ்விட்சர்லாந்து போயாச்சு, அவங்க கோச் ஜான் பியர் எகர் ஊரு அது, 2010லேருந்து அங்கதான் பயிற்சி. போன்ல சொன்னாங்க, நீதான் சாம்பியன்னு. பந்தி முடிஞ்சு இலை எடுத்து எடத்தக் கழுவி விட்டப்புறம் கூப்பிட்டு பாயசத்த கையில ஊத்துன மாதிரி. பாயசம் பாயசம்தான், இல்லன்னு சொல்லல.

ஓஸ்டாப்சுக்கோட கோச், நான்தான் அவளுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்தேன்னு சொன்னாரு, உடனே பெலாரஸ்காரங்க அந்தம்மாவுக்கு வெறும் ஒரு வருஷம் தடை போட்டாங்க. இதுக்கு நான் என்ன எழுத, நீங்களே சிரிச்சுக்கோங்க.

செப்டம்பர் 19ஆம் தேதி ஆக்லாந்துல, துறைமுகத்து ஓரமா கிளவுடுன்னு ஒரு ஹால் இருக்கு, அங்க வச்சு நியூசிலாந்து கவர்னர் ஜெனரல் ஜெர்ரி மாட்டபாரே வேலரி கழுத்துல கோல்டு போட்டாரு. ஊர் ஜனம் திரண்டு வந்துச்சு, கீதம் பாடினாங்க, வேலரி அழுதாங்க. சொந்த ஊர்ல, சொந்த ஜனத்துக்கு முன்னாடி வாங்கினது ஒரு விதத்துல லண்டன விட நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, அது நியூசிலாந்து ஜனங்களோட பெருமை மேடம், உங்களோடது இல்ல. உங்க ஏற்பாடு தவறிப்போன எடத்துல ஒரு சின்ன நாடு தன் கைக்காசப் போட்டு தன் பொண்ணுக்கு விழா எடுத்துக்கிச்சு.

இதுதான் உங்ககிட்ட இருக்குற பெஸ்ட் கேஸ். ஒரே வாரத்துல பிடிபட்டுது, ஆறு வாரத்துல மெடல் வந்துச்சு, ஜெயிச்சவங்க ஏற்கனவே உலக சாம்பியன், ஏற்கனவே பேரு இருக்கு, ஸ்பான்சர் இருக்கு. அப்படி இருந்தும் எண்பதாயிரம் பேர் இருந்த லண்டன் ஸ்டேடியத்துல நியூசிலாந்து கீதம் அன்னிக்கு கேக்கல, இனி எந்தக் காலத்துலயும் கேக்காது. வேலரிக்கு இருந்த ஓட்டம் அப்ப உச்சத்துல இருந்துச்சு, 2010லேருந்து 2015 வரைக்கும் தொடர்ந்து 56 போட்டியில தோல்வியே இல்ல, அந்தக் கணக்குல லண்டனும் ஒண்ணு. அதாவது ரெகார்டு புக்குல ஜெயிச்ச போட்டி, ஆனா நேர்ல தோத்துட்டு அழுத போட்டி. பெஸ்ட் கேஸே இந்த லட்சணம்னா மத்தவங்க நெலமைய யோசிங்க.

மத்தவங்க யாருன்னா, அதே லண்டன்ல மூணாவது நின்ன கொலோட்கோவும் 2016ல பழைய சாம்பிள்ல மாட்டினாங்க. நாலாவது வந்த கோங் லிஜியாவுக்கு சில்வர், அஞ்சாவது வந்த லி லிங்குக்கு வெண்கலம். கோங்குக்கு இது ரெண்டாவது தடவை! பெய்ஜிங் மெடலும் லேட்டு, லண்டன் மெடலும் லேட்டு, ரெண்டுமே 2016லதான் முடிவாச்சு. நாலு வருஷம் எட்டு வருஷம்னா அந்த நேரத்துல என்னென்ன போகும்னு விளையாட்டுக்காரங்களுக்குத் தெரியும். ஊர்ல கவர்மென்ட் குடுக்குற பரிசு, வேலை, அடுத்த நாலு வருஷத்துக்கு பயிற்சிக்கான காசு, ஷூ கம்பெனி கான்ட்ராக்ட், எல்லாமே மெடல் வாங்கின அந்த வாரத்துலதான் பேசி முடிப்பாங்க. எட்டு வருஷம் கழிச்சு சர்டிபிகேட்ட எடுத்துட்டுப் போனா, சரிம்மா வாழ்த்துக்கள்னுதான் சொல்லுவாங்க. நாலாவது வந்த பொண்ணு வீட்ல, போதும்மா இந்த குண்ட கட்டிக்கிட்டு அழுதது, வேற வேலையப் பாருன்னு சொல்லி இருந்தா? சொல்லி எத்தன பேரு விட்டுட்டுப் போயிருப்பாங்க? அவங்க பேரு எந்த ரீ-டெஸ்ட்லயும் வெளிய வராது.

தோத்ததுக்கு அழுகுறேன்னு நெனச்சுடாதீங்க. தோல்வின்னா என்னன்னும் வேலரியே காட்டி இருக்காங்க. 2014ல உலக தடகளத்தோட வருஷத்து சிறந்த வீராங்கனை விருது, எறியுற பொண்ணுங்கள்ல முதல் ஆள், அதுக்கப்புறம் தோள்பட்டை, முழங்கை, முட்டின்னு ஆபரேஷன் மேல ஆபரேஷன், 2015 ஜூலை பாரீஸ்ல அந்த 56 போட்டி வெற்றி வரிசை முடிஞ்சுது, அஞ்சாவதா வந்தாங்க. 2016 ரியோவுல மீண்டு வந்து 20.42 போட்டு முன்னாடி நிக்குறாங்க, மூணாவது ஒலிம்பிக் கோல்டு கைக்கு எட்டுற தூரம், கடைசி த்ரோல அமெரிக்காவோட மிஷெல் கார்ட்டர் 20.63. ஒசாகாவுல இவங்க பண்ணத இவங்களுக்கே யாரோ திருப்பிப் பண்ணினாங்க. வலிக்கும், ராத்திரி தூக்கம் வராது, ஆனா அது தோல்வி. யாரும் எதையும் திருடல. கார்ட்டர் கைதட்டல அன்னிக்கே வாங்கினாங்க, வேலரி தன்னோட வலிய அன்னிக்கே அழுது தீத்தாங்க. ரெண்டு பேருக்கும் அவங்கவங்களுக்கு உரியது அன்னிக்கே கெடச்சுது. நாங்க கேக்குறது அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் 2017 அக்டோபர்ல பொண்ணு பொறந்து, ஆறு மாசத்துல கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்துல போய் சில்வர் வாங்குறாங்க. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஒழுங்கா தூங்கவே முடியாத நேரத்துல இது. 2019ல பையன். 36 வயசுல, ரெண்டு பிள்ளைங்கள ஊர்ல விட்டுட்டு, கோவிட் நேரத்துல டோக்கியோவுக்குப் போய் 19.62 போட்டு வெண்கலம். போட்டி முடிஞ்சதும் பிள்ளைங்க போட்டோவ எடுத்துக் காட்டினாங்க, அத பாத்துட்டு எங்க வீட்ல எல்லாரும் கொஞ்ச நேரம் பேசல. அந்த டோக்கியோவுல கோல்டு யாருக்குன்னா, கோங் லிஜியாவுக்கு, 20.58. நாலாவது ஒலிம்பிக்ல.

இங்கதான் ஒரு விஷயம் என்ன ரொம்ப உறுத்துது. இன்னிக்கு உங்க ரெகார்டு புக்கத் தொறந்து பாத்தா வேலரியும் கோங்கும் 2008லயும் 2012லயும் ஒரே போடியத்துல நின்ன மாதிரி இருக்கும். நிஜத்துல ஒலிம்பிக்ல அவங்க ரெண்டு பேரும் முதல் முதலா ஒண்ணா போடியம் ஏறினது 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோல. பதிமூணு வருஷம் லேட்டு. அதுவும் எப்படிப்பட்ட ஸ்டேடியம், ரசிகர்களே இல்லாத காலி ஸ்டேடியம். அதுல சில்வர் வாங்கின அமெரிக்காவோட ரேவன் சான்டர்ஸ், ஒடுக்கப்பட்டவங்களுக்காகன்னு கையத் தூக்கி எக்ஸ் மாதிரி காட்டினாங்க, அதுக்கு விசாரணை வைக்கலாமான்னு உங்க கமிட்டி உடனே சுறுசுறுப்பா கெளம்புச்சு. அந்த சுறுசுறுப்பத்தான் நாங்க சாம்பிள் பக்கம் எதிர்பாக்குறோம்.

நீங்க ஒண்ணுமே பண்ணலன்னு நான் சொல்ல மாட்டேன். சாம்பிள பத்து வருஷம் வச்சிருந்து திரும்ப டெஸ்ட் பண்றது நல்ல விஷயம், அது இல்லன்னா கொன்சாலஸ் இன்னிக்கும் நாலாவதுதான். 2018ல, லேட்டா வர்ற மெடல எங்க வச்சு வாங்கிக்கலாம்னு வீரர்களே தேர்ந்தெடுக்கலாம்னு ஒரு வழிமுறை கொண்டு வந்தீங்க, அடுத்த ஒலிம்பிக்லயே வாங்கிக்கலாம்ங்குறதும் அதுல உண்டு. அதன்படி 2024 ஆகஸ்ட் 9 பாரீஸ்ல, டிரோகடேரோவுல இருந்த சாம்பியன்ஸ் பார்க்ல வச்சு பழைய மெடல் குடுத்தீங்க, அமெரிக்காவோட லஷிண்டா டெமஸ் லண்டன்ல ஓடின 400 மீட்டர் ஹர்டில்ஸ் கோல்ட பன்னெண்டு வருஷம் கழிச்சு ஈஃபிள் டவருக்கு எதிர்ல வாங்கினாங்க. பாக்க நல்லா இருந்துச்சு. ஆனா பாருங்க, அதே ஆகஸ்ட் 9 ராத்திரி ஸ்டேட் டி ஃபிரான்ஸ் ஸ்டேடியத்துல பொண்ணுங்க ஷாட்புட் ஃபைனல், ஜெர்மனியோட யெமிசி ஒகுன்லெயே கடைசி த்ரோல 20.00 போட்டு கோல்டு, வேலரி நாட்டுப் பொண்ணு மேடி வெஷே சில்வர். ஊருக்குள்ள ஒரு பக்கம் பழைய கணக்கு தீக்குறீங்க, இன்னொரு பக்கம் நிஜ ஸ்டேடியம், நிஜ கூட்டம், நிஜ போடியம் இருக்கு. ரெண்டையும் ஏன் சேக்கக் கூடாது? தடகள வீரருக்கு தடகள ஸ்டேடியத்துல, அந்தந்த ஈவென்ட் நடக்குற அன்னிக்கு, ஃபைனலுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்கிக் குடுங்க. டிவி நேரம் இல்லன்னு சொல்லாதீங்க, ரிலே அணி வெளிய வந்து கை காட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குறீங்கன்னு நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.

அடுத்தது, மொத நாள் எடுத்த சாம்பிள். லேப் டெஸ்டுக்கு நேரம் ஆகும், பி சாம்பிள், அதாவது உறுதிப்படுத்த எடுத்து வச்ச ரெண்டாவது சாம்பிள், பாக்கணும், குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கும் உரிமை இருக்கு, எல்லாம் சரி, அதுல கை வைக்கச் சொல்லல. சந்தேகமே இல்லாம ஒருத்தர வெளிய அனுப்பணும்னா அவசரப்படக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனா ஒம்பதுல அஞ்சு மெடல் பறிபோன ஒரு ஈவென்ட்ல, ஃபைனல் ஏறப்போற பன்னெண்டு பேரோட சாம்பிளுக்கு முன்னுரிமை குடுத்து நாலு நாள் முன்னாடியே எடுத்து பாத்து வைக்க என்ன தடை? பன்னெண்டே பன்னெண்டு பேரு. குண்டு, வட்டு, சங்கிலிக் குண்டு, பளு தூக்குறதுன்னு எங்கெங்க நாறுதுன்னு பதினஞ்சு வருஷ ரீ-டெஸ்ட் ரிசல்ட் உங்க மேஜையிலயே இருக்கு. ரீ-டெஸ்டயும் பத்தாவது வருஷம் காலாவதி ஆகுறதுக்கு முன்னாடி அள்ளிப்போட்டு பாக்குறத விட, அந்த மாதிரி ஈவென்ட்ல முதல் எட்டு பேரோடத மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புது மெத்தட்ல பாத்துக்கிட்டே வாங்க. எட்டு வருஷம் ரெண்டு வருஷமாச்சும் ஆகட்டும்.

காசும் பேசணும், பேசாம இருந்தா நல்ல பேரு கெடைக்கும், ஆனா பேசணும். மெடல் லேட்டா வர்றவங்களுக்கு பயணச் செலவு, குடும்பம், கோச் எல்லாருக்கும் டிக்கெட்டுன்னு இல்லாம, இழந்துபோன வருமானத்துக்கு ஒரு நிதி ஒதுக்குங்க. டிவி உரிமையில வர்ற பணத்துக்கு முன்னாடி அது தூசு. ஏமாத்தினவங்ககிட்ட இருந்து வசூல் பண்ணி அப்புறம் குடுக்குறோம்னு சொன்னா அது நடக்காது, பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்ல போய் யாரு வசூல் பண்றது. முதல்ல நீங்க குடுத்துடுங்க, வசூல அப்புறம் நீங்க பாத்துக்கோங்க.

இதெல்லாம் உக்காந்து பேச ஆள் தேடவும் வேண்டாம். வேலரி 2022 மார்ச் 1ல ஓய்வு அறிவிச்சாங்க, அஞ்சு ஒலிம்பிக், நாலு மெடல், அந்த நாட்டு அரசாங்கம் டேம் பட்டம் குடுத்திருக்கு, உலக தடகள சங்கத்துல வீரர்கள் கமிஷனுக்குத் தலைவரா இருந்திருக்காங்க. தங்கச்சி லிசாவ கோச் பண்ணி டோக்கியோ பாராலிம்பிக் ஷாட்புட்ல கோல்டு வாங்க வச்சவங்களும் அவங்கதான், அதனால கோச் பக்கத்து கஷ்டமும் தெரியும். வேலரிய ஒரு நாற்காலியில உக்கார வைங்க, கோங்க இன்னொண்ணுல, கொன்சாலஸ மூணாவதுல. நீங்களும் ஆப்பிரிக்காவுலயே அதிக ஒலிம்பிக் மெடல் வாங்கினவங்க, போடியத்துல ஏழு தடவ ஏறினவங்க, உங்களுக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்த பல பேருக்கு இது காகிதத்துல படிச்சாத்தான் புரியும், உங்களுக்கு அப்படி இல்ல. 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, ஷெட்யூல்ல பத்து நிமிஷம் சேக்க அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

பதில் எழுதுறதா இருந்தா அந்த ஆகஸ்ட் 5 சாம்பிள் கேள்விக்கு மட்டுமாவது எழுதுங்க, மொத நாள் எடுத்ததோட ரிசல்ட் ஏன் நிறைவு விழாவுக்கு மறுநாள் வந்துச்சு?

இப்படிக்கு,
டிவில ஷாட்புட் எப்ப காட்டுவாங்கன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருக்குற ஒரு பழைய குண்டுக்காரி